பேட்ஜை மட்டும் பார்த்தவர்

"கூட யாராவது வேண்டாமா?" என்று நான்கு நாளைக்கு முன், பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே அவள் கேட்டிருந்தாள்.

"எதுக்கு? பார்க்கிறது மட்டும்தானே. ரெண்டே நாள்" என்று சொல்லி ஜிப்பை இழுத்து மூடினார், வாத்தியக்காரர்கள் எல்லோரும் டிரம் டாக்டர் என்று கூப்பிடும் அவளுடைய கணவர்.

இரண்டு நாள் நான்காகிவிட்டது. வெளியூரில் ஒரு மேடம், காலமான தன் அப்பா சேர்த்து வைத்த நாற்பது பழைய ஸ்னேர் டிரம்களுக்கு வயது கண்டுபிடித்து எழுதித் தரச் சொல்லி அவரை வரவழைத்திருந்தார். அதில் ஒன்று, அடித்தோலில் உரசும் கம்பிகளை இறுக்கும் லீவர் சிக்கிக்கொண்டதால், வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் அவர் எழுதிய வயதுச் சீட்டோடு இன்று காலை பார்சலில் அவர்களுடைய டிரம் ரிப்பேர் பட்டறைக்கு வந்தது. லீவரைக் கழற்றிப் பார்த்தவள், ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்காமலே போனை எடுத்தாள்.

"ஹலோ, என்னங்க... யாரு? ... மேடமா! ... நான் அவர் வீட்டுல இருந்து பேசறேன். ... ஆமா, ஆமா, அவரோட மனைவிதான். ... கையெல்லாம் எண்ணெயா? பரவால்ல, போனை அவர் காதுல வெச்சு... இல்ல இல்ல, வேண்டாம்! கையைத் துடைச்சுட்டே வரட்டும். நான் இருக்கேன்."

பதினாறு வருடத்தில் அவருடைய போனை வேறொருத்தி எடுத்ததில்லை. அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். இவள் ஸ்குரூடிரைவரை மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"வந்துட்டீங்களா? ... எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ... சாப்பிட்டாச்சு. நீங்க? ... ஓ, மேடமே பரிமாறினாங்களா. ... ஒண்ணுமில்ல, சொல்லுங்க. ... டிரம்முக்குள்ள டார்ச் யாரு அடிக்கிறா? ... அதானே. நாலு நாளா கை வலிக்காம பிடிக்கிறாங்க, பாவம். ... நான் எங்க கோபமா பேசறேன்? என் குரலே இப்படித்தான்."

டிரம்மின் வயிற்றுக்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டு அவர் தோளை ஒட்டிக் குனிந்து நிற்பது வீட்டில் அவள் வேலை. அந்த இடத்தில் இன்னொரு தோளை வைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"சரி, விஷயத்துக்கு வரேன். பார்சல் வந்துச்சு. அறுபது வருஷம்னு எழுதியிருக்கீங்க. எதை வெச்சு? ... பக்கத்துல அடிச்சிருக்கிற கம்பெனி வட்டப் பேட்ஜா... ம்... ம்... வேற? ... அவ்வளவுதானா! என்னங்க, பேட்ஜை மட்டும் பார்த்து வயசு சொல்றவங்களை நீங்கதானே திட்டுவீங்க? அந்தக் கம்பெனில பழைய பேட்ஜ் பெட்டி பெட்டியா மிஞ்சிக் கிடந்துச்சு, தீர்ற வரைக்கும் புது டிரம்லயும் அடிச்சுத் தள்ளினாங்கன்னு? ... ஆமா, இது அதே கம்பெனிதான். ... கேளுங்க. லீவர்ல இருக்கிற ஸ்குரூ அத்தனைக்கும் தலையில பிளஸ் வெட்டு. ஒண்ணு கூட மைனஸ் இல்ல. ... யாராவது மாத்தியிருக்கலாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். கழட்டிட்டேன். அடியில வேற ஓட்டை இல்ல, வேற லீவர் உக்காந்த தடமும் இல்ல. பொறந்ததுலருந்து அதே லீவர்தான். ... ம். அவங்க பிளஸ்ஸுக்கு மாறினதே பத்து வருஷம் கழிச்சு. இது அறுபது இல்ல, அம்பது."

அவரைத் திருத்தியது அவளுக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"கண்ணு வேற எங்கயோ இருந்தா ஸ்குரூ எப்படித் தெரியும்? ... நான் ஒண்ணும் சொல்லலியே. ... மேடத்துக்கு என்ன வயசு இருக்கும்? ... தெரியாதா! டிரம்முக்கு மட்டும் டாண் டாண்னு சொல்றீங்க. ... பேச்சை மாத்தாதீங்க. ... என்னது? ... ஏன் கிசுகிசுக்கறீங்க? ... சரி, வாசலுக்கே போய்ப் பேசுங்க. ... ம், சொல்லுங்க. ... தெரியலையா? எது தெரியலை? ... பிளஸ்ஸா மைனஸ்ஸான்னேவா? ... எத்தனை நாளா? ... ரெண்டு வருஷமா!"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப, 'எங்க, சொல்லு பார்ப்போம், என்ன ஸ்குரூ'ன்னு என்னைக் கேட்டதெல்லாம்? ... பரீட்சை வைக்கிறீங்கன்னு நினைச்சு, தப்பா சொல்லிடக் கூடாதேன்னு நான் மூச்சைப் பிடிச்சுட்டுப் பார்த்தேனே! ... ஏங்க சொல்லலை? ... டாக்டர்னு கூப்பிடறாங்க, அதுக்காக வெக்கமா. கண்ணாடி போட்டா குறைஞ்சா போயிடுவீங்க? ... மேடம்கிட்டக் கேட்டிருக்கலாமே. ... கேட்டீங்களா? ... 'ஸ்குரூ பளபளன்னு அழகா இருக்கு'ன்னாங்களா! ... இல்ல, சிரிக்கலை. ... சரி, கொஞ்சம் சிரிச்சேன். ... அப்ப மீதி முப்பத்தொன்பதும்? ... எல்லாம் பேட்ஜ்தானா. கடவுளே. கையெழுத்துப் போட்டுட்டீங்களா? ... நாளைக்குச் சாயங்காலமா. போடாதீங்க. பேனாவையே தொடாதீங்க. ... என்ன, மேடம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாங்களா? அவங்க எடுத்து, நான் இங்கருந்து பார்த்து எழுதி அனுப்ப, அதை அவங்க உங்க பக்கத்துல நின்னு வாசிச்சுக் காட்டுவாங்களா? ... முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்."

வீட்டில் சீட்டு எழுதுவதும் அவள்தான். கையெழுத்து மட்டும் அவருடையது. ஒவ்வொரு சீட்டையும் மடித்து உறையில் போடும்போது ஒரு வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வரும். காபி ஆறுகிறது என்று வேறு ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"காலையில முதல் பஸ்ல நானே வரேன். ... பட்டறையைப் பூட்டிட்டுத்தான். அது எங்கயும் ஓடிடாது. ... வரேன்னு சொல்றேன்ல, சரின்னு சொல்லுங்க. ... ம். ... ம். ... இருங்க, வெச்சுடாதீங்க, நான் இன்னும் முடிக்கலை. ... மேடம் வெளியே வந்துட்டாங்களா? வரட்டும், கேட்கட்டும். ... இல்லீங்க, பயப்படாதீங்க, சண்டை இல்ல. ரொம்ப நாளா கேட்கணும்னு இருந்தேன். நாற்பது சீட்டையும் புதுசா எழுதுவோம். எழுதி... உங்க பேருக்குக் கீழ இல்ல, பக்கத்துல... என் பேரையும் போடுங்க."