பின் சீட்டில் ஹெல்மெட் இல்லை

சலான் வந்தால் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டு போய்விடுவதுதான் புத்திசாலித்தனம் சார். தாம்பரம் கோர்ட்டில் எனக்கு முன்னால் நின்ற மீன்கார அம்மா செல்வம்மாளும் அதைத்தான் சொன்னார். "இன்னா சார் யோசிச்சிகினு கீற? கையக் கட்டிகினு ஒத்துக்கிறேன்னு சொல்லு. அஞ்சு நிமிசத்துல வூட்டுக்குப் பூடலாம்." அவர் அப்படியே சொல்லி, அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஸ்கூட்டர் என் மனைவி சுப்ரஜா பெயரில் இருக்கிறது. அதனால் மெசேஜ் அவள் போனுக்குத்தான் வந்தது. ஜூன் பதினான்கு, பகல் பதினொன்றே முக்கால், வண்டலூர் சிக்னல், பின்னால் உட்கார்ந்தவருக்கு ஹெல்மெட் இல்லை. கூட வந்த படத்தில் நம்பர் பிளேட் மட்டும்தான் தெரிந்தது. அந்தத் தேதியை எங்கள் வீட்டில் யாரும் மறக்க முடியாது. என் அப்பா ஸ்ரீரங்கன் காணாமல் போன நாள். நான்தான் உங்கள் ஸ்டேஷனில் வந்து புகார் கொடுத்தேன்.

"அன்னிக்கு நீங்க நைட் ஷிஃப்ட் முடிச்சு வீட்டுல தூங்கிட்டிருந்தீங்க. வண்டியும் வீட்டுலதான் இருந்துது. யாரோ நம்ம நம்பரைப் போட்டு ஓட்டறாங்க. கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள். விட்டுத்தொலை என்று கெஞ்சினேன். ஸ்கூல் டீச்சர் சார், தப்பான விடைக்கு அரை மார்க்கூடப் போட மாட்டாள். அன்று சாயங்காலமே ஆட்சேபம் பதிவு செய்துவிட்டாள்.

அப்பாவுக்கு நாலு வருஷமாக மறதி நோய். என்னையே 'சார்' என்பார். சமையல் கேஸைத் திறந்துவிடுவார். நான் தூங்கவேண்டிய பகலெல்லாம் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு முடியவில்லை. அவர்மேல் கோபம்கூட இல்லை, தூக்கம்தான் வேண்டியிருந்தது. சுப்ரஜாதான் ஊட்டிவிடுவாள். தப்பித்தவறி வெளியே போய்விட்டால் யாராவது கூப்பிடட்டும் என்று, அவர் வீட்டில் போடும் சட்டைகளின் முதுகில் தன் போன் நம்பரைச் சிவப்பு நூலால் பெரிதாகத் தைத்து வைத்திருந்தாள். காலையில் கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாள்.

அன்று கேட் திறந்து கிடந்தது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பூட்ட மறந்தது தான்தான் என்று அவளே நினைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மறதி எல்லாருக்கும் வருவதுதானே என்று நான்தான் ஆறுதல் சொல்வேன். மாற்றுச்சாவி என் பையிலேயே இருந்தது.

நாங்கள் மறுத்ததால், நீதிபதி முழுப் படத்தையும் கொண்டுவரச் சொன்னார். ஒத்துக்கொண்டிருந்தால் அதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். "பின்னாடி இருக்கிற பெரியவர் முதுகுல ஏதோ நம்பர் தெரியுதே" என்று குமாஸ்தா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஆறு எண் படித்தவர், நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். மிச்சம் நாலையும் சுப்ரஜா சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமாம் சார். கூடுவாஞ்சேரி ரயில்வே ஸ்டேஷனில், தெற்கே போகிற பாசஞ்சரில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். "நீங்க வரலியா சார்?" என்று கேட்டார். தண்ணீர் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். சமர்த்தாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகத் தூங்கினேன்.

நம்பர் தைத்த சட்டையை வீட்டிலேயே மாற்றப் பார்த்தேன். முரண்டு பிடித்தார். பிளாட்பாரத்தில்தான் கழற்ற முடிந்தது. ஆனால் ஒன்று, இதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவரை நான் வெற்றுடம்போடு அனுப்பவில்லை. தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையைப் போட்டு, பட்டனெல்லாம் நானே போட்டுவிட்டேன். அப்பாவைக் கவனிக்காத பிள்ளை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.