மத் தோ!

கனகவள்ளி: ...அதெல்லாம் சரி பிரேமா, விரலை எங்க வச்சுப் பாக்கப் போறாவ? சங்க ரூமுலயா, குழாயடியிலயா?

பிரேமலதா: குழாயடியிலதான் கனகக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு. இடது கை ஆள்காட்டி விரல். செக்ரட்டரி நான் பாத்துச் சொல்லணும், தலைவர் சொரிமுத்தண்ணன் பக்கத்துல நிப்பாரு.

கனகவள்ளி: ஓட்டு முந்தாநாளே முடிஞ்சு, ஒருத்தன் ஜெயிச்சும் போயிட்டான். இப்போ எதுக்குத் திடீர்னு இந்தச் சட்டம்?

பிரேமலதா: அண்ணனுக்கு என்ன கோவமோ... நேத்துதான் சொன்னாரு.

கனகவள்ளி: மை இருந்தா?

பிரேமலதா: ஒரு மாசம் குழாயில முறை கிடையாது.

கனகவள்ளி: ஏட்டி! நாலு படி அரிசி நனைய வச்சு இட்லி விக்கிறவ நான். தண்ணி இல்லாம ஒரு மாசம்... ச்சே, எனக்கென்ன வந்துச்சு? நான்தான் ஓட்டே போடலியே. மத்தவங்களுக்காகக் கேக்கேன்.

பிரேமலதா: காலையிலேர்ந்து எல்லாரும் மத்தவங்களுக்காகத்தான் கேக்காவ. அதென்ன விரல்ல கட்டு?

கனகவள்ளி: இதா... நேத்து நெத்திலி ஆஞ்சேன். அரிவாமணை பதம் பாத்துட்டு.

பிரேமலதா: நெத்திலிக்கு அரிவாமணையா? கையாலல்லா கிள்ளுவோம்!

கனகவள்ளி: நெத்திலியோட ஒரு சூரையும் கெடந்துச்சுடி.

பிரேமலதா: நேத்து வெள்ளிக்கிழமைக்கா. உங்க வீட்டுல மீனா?

கனகவள்ளி: நீ போலீசுல சேர வேண்டியவ! உன் கையில என்னவாம், முழங்கை வரைக்கும் மேந்தி?

பிரேமலதா: எங்க அண்ணன் மவன் நகுல் கல்யாணத்துக்கு.

கனகவள்ளி: அது வைகாசியிலல்லா? தை இப்பத்தானே பிறந்திருக்கு. அதுவரை அழியாமக் கெடக்குமாக்கும்! நகத்துக்கு மேலயும் அப்பியிருக்க... அந்தப் பையில என்ன, அம்புட்டும் மருதாணிக் கோனா?

பிரேமலதா: தாதர்ல மொத்தமா வாங்கினா சல்லிசு. பேச்ச மாத்தாதீய. அன்னைக்குக் கூட்டத்துல சூடத்த அணச்சு சத்தியம் பண்ணது யாரு?

கனகவள்ளி: நாந்தான். முத ஆளா. இருபது வருசமா ஒத்தக் குழாய், விடியக்காலம் இருபது நிமிசம் தண்ணி... "இந்தத் தடவை எவனுக்கும் ஓட்டுக் கிடையாது, முப்பத்திரண்டு வீடும் ஒண்ணா நின்னா தாராவியே நம்ம சந்த, இந்த மூணாம் கல்லியப் பாத்துக் கத்துக்கிடும்"னு நீ பேசினியே, எனக்குப் புல்லரிச்சுட்டுடி.

பிரேமலதா: பேசும்போது எனக்கும்தான்.

கனகவள்ளி: ஆனா... கல்லி முனையில நீ எழுதி வச்ச போர்டு இருக்கே...

பிரேமலதா: போர்டுக்கு என்ன?

கனகவள்ளி: "பானி நஹி? மத் தோ!" தண்ணி வரலியா, ஓட்டுக் குடுக்காதேன்னு நெனச்சுத்தானே இந்தியில எழுதின?

பிரேமலதா: ஆமா. மத் தோன்னா குடுக்காத.

கனகவள்ளி: மத்துன்னா ஓட்டும்தானாம்லா! மத் தோன்னா "ஓட்டுக் குடு"ன்னும் வருமாம். ஜெயிச்சவன் ஆளு அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து வாட்ஸாப்புல போட்டிருக்கான். "தண்ணி இல்லாட்டியும் ஓட்டுப் போடச் சொல்ற மூணாம் கல்லி! இவங்கல்லா குடிமக்கள்!"னு. நாளைக்கு உனக்குச் சால்வை போடுறாவளாம்.

பிரேமலதா: சால்வையப் பிழிஞ்சா தண்ணி வருமா?

கனகவள்ளி: அதுக்கில்லடி... அந்தப் போர்டத் தப்பாப் படிச்சுட்டு, பாவம், யாராவது வெவரம் தெரியாம ஓட்டுப் போட்டிருந்தா...

பிரேமலதா: உங்களுக்குத்தான் இந்தி படிக்கவே தெரியாதே.

கனகவள்ளி: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

பிரேமலதா: அக்கா... கட்டு ஓரத்துல என்னமோ தெரியுது.

கனகவள்ளி: மஞ்சள்.

பிரேமலதா: மஞ்சள் கறுப்பாவா இருக்கும்? சும்மா சொல்லுங்க.

கனகவள்ளி: கதவச் சாத்து மொதல்ல... ஓட்டுக்கு முந்தின நாளு அவன் ஆளு வந்தான். "வெளிய மூச்சு விடாதீங்கம்மா, உங்க வாசல்ல மட்டும் ஒரு தனிக் குழாய்"ன்னான். நான் ஒரு கணக்குப் போட்டேன். மிச்சம் முப்பத்தொரு வீடும் வீம்பா நிக்கும்லா? நான் ஒருத்தி போட்டுட்டா போராட்டம் கவுந்தா போயிரும்?

பிரேமலதா: ம்...

கனகவள்ளி: என்னடி "ம்"? சொரிமுத்தண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? காலையில குழாயடியில அவரு விரலப் பாத்தேன். ஒரு பொட்டு மை இல்ல! ஒரு மனுசனாவது சொன்ன சொல்லுல நின்னிருக்காரு. நீயும் நின்னிருக்க. நான் ஒருத்திதான் துரோகி... என் முறைய மட்டும் வெட்டிராதடி, உன் கால்ல வேணும்னாலும்...

பிரேமலதா: கால விடுங்கக்கா, கைய நீட்டுங்க. கட்டை அவுத்தாத்தான் மை மறைய மேந்தி போட முடியும். என்கிட்டயும் "உங்க வாசல்ல மட்டும்"னுதான் சொன்னான்... விடிஞ்சதுலேர்ந்து இருபத்தொம்பது வீட்டு விரலுக்குப் போட்டாச்சு, ஆம்பளையளுக்கும் சேத்து. எல்லாருக்கும் அவியவிய வாசல்ல மட்டும்தானாம். தலைவரும் மொத ஆளாப் பூத்துக்குப் போனவருதான்... லிஸ்ட்டுல பேரு இல்லேன்னு திருப்பி விட்டுட்டாவ. அந்தக் கோவத்துலதான் ஊரு விரலயெல்லாம் பாக்கணும்ங்காரு!