பொண்ணு என்ன படிக்குது?

— நிதிப் பிரிவா? போன வாரம் வரைக்கும் 'தொழிலாளர் பொருளாதாரம், தொழிலாளர் பொருளாதாரம்'னு வீட்டையே ரெண்டு பண்ணிட்டிருந்தியே பாப்பா. இப்ப என்ன திடீர்னு நிதி?

— மூணாம் வருஷத்துக்குப் பொருளாதாரத்துல ஏதாவது ஒரு பிரிவை எடுத்துத்தானேப்பா ஆகணும். நிதி எடுத்தா பேங்க்ல வேலை கிடைக்கும். கையைக் காட்டுங்க, மருந்து போடணும்.

— கை எங்கயும் ஓடிடாது. பேச்சை மாத்தாதே.

— ஐயோ, என்ன இப்படி வெடிச்சிருக்கு? கையுறை போடறதே இல்லையா நீங்க?

— போட்டா ஈரத்துணி பிடி நழுவுது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்க்கிறவன் கை பூ மாதிரியா இருக்கும்? கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— அதான் சொன்னேனே, வேலை...

— காதுல பூ சுத்தாதே. விவசாயம் இருக்கு, வர்த்தகம் இருக்கு, புள்ளிவிவரம் இருக்குன்னு உங்க மாமா ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னப்ப என்ன சொன்ன? 'வேலை செய்யறவங்களைப் பத்திப் படிக்கிறதுதான் மாமா படிப்பு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன. அந்த மனுஷன் ஊத்தி வச்ச டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போனாரு.

— இடம் கிடைக்கலப்பா. ரொம்பப் போட்டி.

— அப்படியா?

— ம்ம்.

— மென்னு முழுங்காதே. அம்மா மொட்டைமாடியில துணி எடுக்கப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள சொல்லிடு.

— கிடைச்சிடுச்சு. அதான் பிரச்சினையே.

— நல்லாருக்கே! இடம் கிடைச்சதுக்குக் கண் கலங்கற பொண்ணை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

— எப்படிக் கிடைச்சதுன்னு தெரியுமா உங்களுக்கு? அன்னைக்கு உங்க சலவைக்கூடத்துல எடுத்த பேட்டியை வச்சுத்தான் கொடுத்தாங்க.

— ஓ.

— பார்த்தீங்களா, நீங்களும் தரையைப் பார்க்கறீங்க. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் அதைப் பத்தி மூச்சு விடல. சோறு போடவா, போடு. தண்ணி இருக்கா, இருக்கு. வீட்டுல இவ்வளவுதான் பேச்சு.

— சரி விடு. நடந்தது நடந்துபோச்சு.

— விட முடியலப்பா. முந்தின நாள், 'நாளைக்கு என்ன ஷிஃப்ட்'னு உங்களைக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. ராத்திரி ஷிஃப்ட்னு சொன்னேன். அடடா, என்மேல இவ்வளவு அக்கறையான்னு நினைச்சேன்.

— அக்கறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேராசிரியர் எங்களை உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க அங்க இருக்க மாட்டீங்கன்னு உறுதி பண்ணிக்கத்தான் கேட்டேன். கேட்டுட்டு நிம்மதியாத் தூங்கினேன். எனக்கே என்னைப் பார்த்தா அசிங்கமா இருக்கு.

— நீ காலேஜுக்குக் கிளம்பினப்புறம் போன் வந்துச்சு. உலர்த்துற மிஷின்காரன் வரல, உடனே வான்னு. இல்லன்னா நான் இங்க குறட்டை விட்டுட்டுக் கிடந்திருப்பேன்.

— கதவைத் திறந்தா உள்ள ஒரே ஆவி. ஆவிக்குள்ளேருந்து அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிட்டு நீங்க வர்றீங்க. என் கெட்ட நேரம், பேராசிரியர் 'இவர்கிட்ட நீ கேளும்மா'ன்னு உங்களையே காட்டினாரு.

— நல்லாத்தானே கேட்ட.

— நல்லாக் கேட்டேனா? பெத்த அப்பாகிட்ட 'உங்க பேர் என்ன'ன்னு வாய் கூசாம கேட்டேன். நீங்க தோள்ல கிடந்த துண்டால ஸ்டூலைத் துடைச்சுப் போட்டு, 'உக்காருங்க மேடம்'னீங்க. மேடம்! அது இன்னும் காதுலயே நிக்குதுப்பா.

— வர்றவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறது. வாய்ப் பழக்கம்.

— முதுகுவலி உண்டான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லைன்னீங்க. தினம் தைலம் தேய்ச்சு விடறவ நான். இல்லைன்னே எழுதிக்கிட்டேன்.

— சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கிறான். வலிக்குதுன்னு சொன்னா வேற ஆளைத் தேடிடுவான். அது கிடக்கட்டும்.

— கடைசியா 'பிள்ளைங்க?'ன்னேன். 'ஒரு பொண்ணு'ன்னீங்க. அடுத்த கேள்வி என்னன்னு எனக்குத் தெரியுமே. தாண்டிப் போயிருக்கலாம். பேராசிரியர் தலைக்குப் பின்னாடியே நின்னாரு. 'பொண்ணு என்ன படிக்குது'ன்னு கேட்டுட்டேன்.

— போதும் பாப்பா.

— 'டாக்டருக்குப் படிக்குது மேடம்'னீங்க.

— போதும்னு சொல்றேன்ல.

— நான் முகத்தைத் திருப்பிக்கிட்டதைப் பார்த்துட்டுத்தானே அப்படிச் சொன்னீங்க? பொருளாதாரம்னு சொன்னா எந்தக் காலேஜ், எந்த வருஷம்னு அவர் தோண்டுவாரு, நான் மாட்டிக்குவேன்னு எனக்காக ஒரு நொடியில ஒரு பொய்யைச் சொன்னீங்க. மடிக்கிற மேசையில நின்ன அந்த அக்காகூட, 'ஆமா மேடம், டாக்டரு பொண்ணு, இவருக்கு எப்பப் பாரு அதே பேச்சுதான்'னு ஒத்து ஊதினாங்க. என்ன ஒரு நல்ல மனசு! பெத்த பொண்ணே விட்டுக்கொடுத்தவரை, கூட வேலை பார்க்கிறவங்க விட்டுக்கொடுக்கல.

— அந்தம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

— பேராசிரியருக்கு ஒரே குஷி. சலவைக்கூடத்துல வேலை பார்க்கிறவர் வீட்டுல ஒரு டாக்டர், ஒரே தலைமுறையில இவ்வளவு பெரிய தாவல்னு வகுப்பு முழுக்க அதையே பேசினாரு. அந்த டாக்டர் பொண்ணை ஒரு நாள் நேர்ல பார்க்கணுமாம். நான் முன் பெஞ்சுல உக்காந்திருக்கேன்!

— கொடுமைதான்.

— இன்னும் கேளுங்க. என்னை எழுப்பி நிறுத்தி, 'பேட்டி எடுக்கிறவங்க எப்படி ஒட்டாம, விலகி நின்னு கேக்கணும்னு இந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்குங்க'ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்கப்பா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அந்தக் கைதட்டலுக்குக் கிடைச்ச இடம் இது. அதுல உக்காந்து, வேலை செய்யறவங்களைப் பத்தி நான் என்னத்தைப் படிக்கிறது? அதான் நிதி. அங்க எல்லாம் வெறும் எண்ணு. யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம்.

— இதுக்காகவா ஆசைப்பட்ட படிப்பைக் கை கழுவற? அட பைத்தியமே. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலடா. நிஜமாத்தான் சொல்றேன். நீ அதையே எடு.

— எடுக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. நாளைக்குப் பேராசிரியர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். இடத்தைப் பிடுங்கறதுன்னா பிடுங்கட்டும்.

— சொல்லு. தாராளமாச் சொல்லு. அதுதான் நல்லது.

— அங்கேருந்து நேரா உங்க சலவைக்கூடத்துக்கு வரேன். எல்லார் முன்னாடியும், இவர் எங்கப்பா, அன்னைக்குத் தெரியாத மாதிரி நின்னவ நான்தான்னு சொல்றேன். அந்த அக்கா கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்.

— அங்கெல்லாம் எதுக்கு?

— ஏன்ப்பா?

— தரை பூரா ஈரம். வழுக்கி விட்டுடும்.

— அன்னைக்கு நடந்தேனே.

— சூப்பர்வைசர் உள்ள விட மாட்டான்.

— வாசல்லயே நிக்கிறேன். எப்படியும் டீ குடிக்க வெளிய வருவாங்கல்ல?

— வேண்டாம்னா வேண்டாம். சொன்னாக் கேக்கணும்.

— கையை ஏன் இழுக்கறீங்க? மருந்து இன்னும் காயல. அப்பா... உங்களுக்கு என்மேல கோபம் தீரல, அதானே?

— கோபமாவது மண்ணாவது. நீ அந்தம்மாவுக்கு நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம் பாப்பா. அது ஒத்து ஊதல.

— பின்ன?

— அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிச்சு.

— என்ன தெரிஞ்சதை?

— நீ டாக்டர் படிப்புக்குப் பரீட்சை எழுதினப்பவே, இடம் கிடைச்ச மாதிரி அங்க எல்லார்கிட்டயும் பீத்திட்டேன். டாக்டருங்க கோட்டெல்லாம் எங்ககிட்டதானே வெளுக்க வருது. மடிக்கிறப்பல்லாம், 'எங்க பாப்பாவும் இதே மாதிரி போடப் போறா'ன்னு சொல்லிச் சொல்லி... அப்புறம் கிடைக்கலன்னு சொல்ல வாய் வரல. பொருளாதாரம்னா என்ன, அதைப் படிச்சா என்ன ஆவாங்கன்னு கேட்டா எனக்குச் சொல்லவும் தெரியாது. இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு தள்ளிப் போட்டே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

— அப்போ அன்னைக்கு... நான் முகத்தைத் திருப்பினதைப் பார்த்துட்டு இல்லையா நீங்க...

— நான் எங்க பார்த்தேன்? கதவுல உன்னைக் கண்டதுமே, ஐயோ, இவ 'அப்பா'ன்னு கூப்பிட்டுடக் கூடாதேன்னு முதல்ல திரும்பிக்கிட்டவன் நான்தான்.