மாரிக்ருஸுக்கு இன்னும் ஆசை வரல

— இன்னும் ஆசை வரல, ஆசை வரலன்னு எத்தனை வருஷம் சொல்லுவீங்க, ஹன்னியா டீச்சர்? எம்பொண்ணுக்கு ஒம்பது வயசாச்சு. சேர்ந்தாப்புல ஒரு வரி படிக்கத் தெரியல.

— கொஞ்சம் பொறுமையா உக்காருங்க, யோர்லெனி. காபி போடட்டுமா?

— காபியெல்லாம் வேணாம். துரியால்பா பஸ் ஸ்டாண்டுல நாள் பூரா நான் அதைத்தான் ஊத்துறேன். பதில் சொல்லுங்க.

— சேர்க்கும்போதே சொன்னேனே. நம்ம பள்ளிக்கூடத்துல யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. ஒவ்வொரு குழந்தையும் தனி விதை. தானா முளைக்கணும். நம்ம தத்துவஞானி அதைத்தான்...

— ஆரம்பிச்சிட்டீங்களா? சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்களே, அந்தத் தாடிக்காரர்தான? அவருக்குப் புள்ளைங்க உண்டா?

— அது... இல்ல.

— அதான பாத்தேன்!

— கேலி பண்ணாதீங்க. குழந்தைக்கு எது பிடிக்குதோ, அங்கேருந்துதான் பாடம் தொடங்கணும்னாரு. மாரிக்ருஸ் ஒருநாள் தவளை பிடிக்கும்னு சொன்னா. உடனே தவளைக் கணக்கு, தவளைப் பாட்டு, களிமண்ணுல தவளைன்னு வருஷம் முழுக்க அவளுக்காகவே எல்லாத்தையும் மாத்துனோம்.

— தெரியாதா? தவளை நாடகத்துக்குப் பச்சை முகமூடி தைச்சு என் விரல் பூரா ஊசிக் குத்து. எங்கக்கா மகன் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல படிக்கிறான். ஏழு வயசு. பஸ் போர்டெல்லாம் கடகடன்னு வாசிக்கிறான். இவ பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நிக்கிறா. எனக்கு அழுகையா வருது, டீச்சர். திங்கக்கிழமை அங்கயே சேர்த்துடப்போறேன்.

— அங்க எல்லாரையும் ஒரே அச்சுல வார்ப்பாங்க. அவளோட தனித்தன்மை நசுங்கிடும்.

— நசுங்கட்டும்! படிச்சிட்டு நசுங்கட்டும்!

— எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? தினம் அவ மேசையில ஒரு புதுப் புத்தகம் வைக்கிறேன். தொடவே மாட்டேங்கிறா. எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே புரியல.

— அம்மா, வந்துட்டியா? போலாமா?

— வா, மாரிக்ருஸ். டீச்சர்கிட்ட சொல்லிட்டு வா. இனி இங்க வரப்போறதில்ல.

— ஏம்மா?

— ஏனா? உனக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியல. அதான்.

— தெரியும்மா.

— பொய் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எங்க, அந்தக் கதவுல என்ன எழுதியிருக்கு, சொல்லு.

— "சின்னக் குழந்தைகள் தூங்குகிறார்கள். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்." நீதாம்மா சத்தம் போடுற.

— அடிப்பாவி! எப்பலேருந்துடி?

— போன மழைக்காலத்துலேருந்து. நம்ம கடையில பார்சல் கட்டுற பேப்பரையெல்லாம் பாத்துப் பாத்து...

— எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?

— நீ டீச்சர்கிட்ட சொல்லிடுவ.

— மாரிக்ருஸ்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்போம்! உனக்காக என்னென்ன செஞ்சிருப்போம்!

— அதான் சொல்லல, டீச்சர். தவளை பிடிக்கும்னு சொன்னேன். இப்பத் தவளையைப் பாத்தாலே ஓடிடலாம்னு இருக்கு. படிக்கிறது எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு.