பத்தடி காட்டிய திரை

எங்கள் ஊர் வெயில் மற்ற ஊர் வெயிலைவிட மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐயா. வெயில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இங்கே அது வானத்திலிருந்து ஒரு தடவையும் தண்ணீரில் பட்டு இன்னொரு தடவையும் கண்ணில் விழுகிறது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது வெயிலைத் தேடித்தான் ஷாலினி என்ற இன்ஜினியர் பெண் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு வந்தாள்.

அவளுடைய கம்பெனி கிளைடருக்குத் திரை செய்கிறது. கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து போகிற விமானம். இன்ஜின் இல்லாததால் கரண்டுக்கும் பஞ்சம். ஒரு சின்ன பேட்டரியை வைத்து ஒப்பேற்ற வேண்டும். ஓட்டுகிறவனோ கண்ணாடிக் கூண்டுக்குள் உச்சி வெயிலில் உட்கார்ந்திருப்பான். நம் போன் அந்த வெயிலில் வெறும் கறுப்புக் கண்ணாடி. இவர்கள் செய்த திரைக்குள் விளக்கே கிடையாது. மேலே விழுகிற வெயிலை வைத்தே எழுத்தைக் காட்டும்; வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். எழுத்து மாறும்போது மட்டும் துளி கரண்டு குடிக்கும். அதைக் கண் கூசும் இடத்தில் வைத்துப் பார்க்க எங்கள் படகுகள் தோதுப்பட்டன. வானத்தில் பறக்கப் போகிற சாமானை முதலில் மீன் கவிச்சியில் முக்கி எடுக்கிறார்களே என்று நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கங்காதரன். ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்காது. இன்று ஆழமாக இருக்கிற வழி நாளை மேடாகிவிடும். அதனால் கடலிலிருந்து திரும்பும் படகுகள் வெளியே காத்திருந்து, முன்படகு போன தடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். எங்கள் குப்பத்தில் முன்படகு என்னுடையது. என் நைனாவுக்குப் பிறகு நான். தண்ணீரின் நிறமும் அலை உடைகிற சத்தமும் எனக்கு வழி சொல்லும். அம்மன் கோயில் திருவிழாவில் முதல் மாலை முன்படகுக்காரனுக்கு. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, மாலை கழுத்தில் அரிக்கும். ஆனால் அதே மாலை வேறொருத்தன் கழுத்தில் விழுந்தபோதும் அரிப்பு எனக்குத்தான் எடுத்தது.

ஷாலினி முதலில் என் படகில்தான் திரையை மாட்டக் கேட்டாள். “எனக்கு எதுக்கும்மா அது? என் கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி?” என்று அனுப்பிவிட்டேன். அவள் நேராக என் தங்கை ஹேமாவதியின் புருஷன் சிவகுமாரிடம் போனாள். அவனுக்குப் புதுசாக எதைக் காட்டினாலும் பல்லைக் காட்டுவான். படகுக்கு அடியில் ஆழம் பார்க்கிற கருவி, மேலே அந்தத் திரை. கீழே எத்தனை அடி தண்ணீர் என்று பெரிய எழுத்தில் காட்டும். வேறு எந்த வேலையும் அதற்குத் தெரியாது.

ஒரு தடவையாவது அது தப்பாகச் சொல்லும் என்று காத்திருந்தேன். சிவகுமார் படகில் ஏறி, மூங்கில் கழியை விட்டு அளந்தும் பார்த்தேன். திரை சொன்னதையே கழியும் சொன்னது. ஒரு சாமானுக்கு அவ்வளவு ஆணவம் ஆகாது, ஐயா.

அப்புறம் ஒரு நாள் என் படகு மணலில் தட்டியது. எல்லோருக்கும் தட்டும். என் படகு தட்டியதை எல்லோரும் பார்த்தார்கள், அதுதான் வித்தியாசம். அன்று சாயங்காலம் சிவகுமார் என் தோளில் கை போட்டான்.

“உட்டுத் தள்ளு மச்சான். வயசாவுதுல்ல. நாளையிலிருந்து நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி நிதானமா வா.”

அன்பாகத்தான் சொன்னான். கேலியாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தத் திரையில் ஒரு குணம் உண்டு. கரண்டு போனாலும் கடைசியாகக் காட்டிய எண் அழியாமல் அப்படியே நிற்கும். ஷாலினி அதைக் கரையில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். “மூலையில ஒரு புள்ளி துடிக்குது பாருங்கண்ணா. அது துடிச்சா திரை உயிரோட இருக்குன்னு அர்த்தம். துடிக்கலைன்னா நம்பரை நம்பாதீங்க.” மற்றவர்கள் டீ வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனமாகக் கேட்டது சிவகுமாரும் நானும்.

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் அன்று படகுகளைக் கழுவி, மாலை போட்டு, தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஹேமாவதி தட்டு ஏந்தி நின்றாள். வீட்டுக்குப் பெரியவன் என்பதால் பொட்டு வைத்தது நான். இன்ஜினுக்கு வைத்தேன், படகின் முகப்புக்கு வைத்தேன், திரைக்கும் வைத்தேன். நடுவில் வைத்தால் எண் மறையும் இல்லையா, அதனால் மூலையில் வைத்தேன். தண்ணீர் பட்டால் கரையாமல் இருக்கச் சந்தனத்தில் படகுக்குப் பூசுகிற குங்கிலியப் பிசின் குழைத்திருந்தேன். பூசை காரியத்தில் நான் எப்போதும் கருத்தாக இருப்பேன்.

“புள்ளி மறைஞ்சி போச்சே மச்சான்” என்றான் சிவகுமார்.

“அம்மன் பாத்துக்குவா மாப்ள.”

அவன் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பூசைப் பொட்டை எங்களில் யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும்.

மறுநாள் கடலுக்குப் போனோம். திரும்பும்போது முகத்துவாரத்துக்கு வெளியே படகுகளை ஒட்டி நிறுத்தி, இருக்கிற கஞ்சியைப் பகிர்ந்து குடிப்பது வழக்கம். நான் சிவகுமார் படகுக்குத் தாவினேன். பேட்டரிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கஞ்சி ஊற்ற அவன் குனிந்தபோது வயரை உருவினேன். திரையில் அப்போது பத்தடி. கஞ்சி நன்றாக இருந்தது, ஹேமாவதியின் கைப்பக்குவம்.

அவன் முன்னால் போனான். தண்ணீர் முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது, ஒன்றும் தெரியாது. திரை பத்தடி காட்டியது. அவன் இன்னும் கொஞ்சம் போனான். அப்போதும் பத்தடி. பழைய வழியில் மணல் ஏறியிருந்தது எனக்கு வெளியில் இருந்தே காதில் கேட்டது. அங்கே அலை முன்கூட்டியே உடைந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முகத்துவாரத்தில் நுழைகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். நான் வழக்கத்தை மீறுகிறவன் இல்லை.

படகு மணலில் குத்தித் திரும்பியது. அடுத்த அலை அதைக் கவிழ்த்துச் சிவகுமார் மேலேயே போட்டது. அவன் தடத்திலேயே வந்த தனக்கோடியின் படகு அதன் மேல் ஏறியது. தனக்கோடியும் போனான். அவனை நான் என் பங்கில் சேர்க்க மாட்டேன். இத்தனை வருஷம் என் பின்னால் வந்தவன், சிவகுமார் பின்னால் போனது அவன் செய்த தப்பு. மிச்சப் படகுகளை நான் தெற்கே சுற்றிப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்தேன். அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

துக்க வீட்டில் ஹேமாவதி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீ முன்னாடி போயிருந்தா அவுரு பொழச்சிருப்பாருண்ணா.” அந்த வார்த்தையை யாராவது சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன். அவள் வாயில் வந்தது கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் மனசு நிறைந்தது.

அது நிலைக்கவில்லை. படகு கவிழ்ந்ததில் வயர் அறுந்தது என்றார்கள், திரை ஏமாற்றிவிட்டது என்றார்கள். ஷாலினியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், எங்கே போனாலும் திரையின் பேச்சு. சரியாகச் சொன்னபோதும் அதன் பேச்சு, ஆள் செத்தபோதும் அதன் பேச்சு. குப்பத்தில் கூடிப் பேசி, “அலாரம் அடிக்கிற புதுத் திரை வருதாம். அது வர்ற வரைக்கும் நீ முன்னாடி போ” என்று என்னிடமே சொன்னார்கள்.

அந்தப் பெண் பாவம் என்றுதான் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். வேறு காரணம் இல்லை. அந்தத் திரை ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை, ஐயா. அதைத் தப்பாகச் சொல்லவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பொட்டு வைத்தது நான், வயரை உருவியது நான், சத்தம் கேட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். சிவகுமாரைக் கொன்றது நான்தான். இதைத் திரையின் பேரில் யாரும் எழுத வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. விடிந்தால் படகுகள் கடலுக்குப் போகும். நான் இங்கே இருக்கும்போது அங்கே யார் முன்னால் போகிறான் என்று ஆள் விட்டு விசாரித்துச் சொல்லுங்கள். பேர் தெரிந்தால் போதும்.