பேரிங் தேய்ந்த சத்தம்

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். கண்ணுசாமி ஆகிய நான், வயது எழுபத்து நான்கு. என் இளைய மகள் பிரகதீஸ்வரி. அவள் கணவர் கவியரசன். ஸ்டுடியோ வைத்திருக்கும் செம்மல். வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

வீடியோ பாட்காஸ்ட் எடுக்க ஸ்டுடியோ பார்ப்பது பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் போலத்தான். முகப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. புதுக்கோட்டையில் நாங்கள் பார்த்த மூன்றாவது இடம் அது. முதல் இடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே. ஹாரன் சத்தம் உள்ளே வந்தது. இரண்டாவது இடத்தில் சுவரெல்லாம் கண்ணாடி. பேசிய குரல் திரும்பி வந்தது. இரண்டையும் பிரகதீஸ்வரியே வேண்டாம் என்றாள். நான் வாய் திறக்கவில்லை. எனக்குக் காது மந்தம் என்பது வல்லத்திராக்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் ரைஸ் மில் ஓட்டியவன். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

புகுந்த வீட்டில் இருக்க முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்களைப் பற்றி அவள் ஒரு தொடர் செய்யப் போகிறாள். முதல் பகுதி அவள் அக்கா அமிர்தவல்லியைப் பற்றியது. அமிர்தவல்லி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கொல்லைக் கிணற்றில் விழுந்து இறந்தாள். நான் அப்போது கூடத்தில் இருந்தேன்.

“அப்பாவுக்குக் காது கேட்டிருந்தா ஓடிப் போயித் தூக்கியிருப்பாரு. அத அவரு வாயாலயே சொல்லட்டும். நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்” என்று அவள் கவியரசனிடம் சொன்னாள். நான் சம்மதித்தேன். குடும்பத்தின் பெயருக்கு அது நல்லது என்று பட்டது.

செம்மல் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, தரைக்குக் கம்பளம் விரித்திருந்தார். “உள்ள ஊசி விழுந்தாலும் கேக்கும். வெளிய வெடி போட்டாலும் கேக்காதுங்க” என்றார்.

“எங்க மாமாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் கவியரசன். எல்லோரும் சிரித்தார்கள். காது கேட்காதவன் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிக்க வேண்டும். அப்படியே சிரித்தேன்.

பிறகு செம்மல் ஏசியை நிறுத்தினார். ஆட்கள் பேசுவதற்கு முன்னால் அறையின் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு செய்வார்களாம். “யாரும் அசையாதீங்க” என்றார். அசையாமல் இருந்தோம். நிமிஷம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, “சுத்தமா இருக்குக்கா” என்றார்.

“அப்பன்னா இதையே முடிச்சிருவோம்” என்றாள் என் மகள்.

சுத்தமாக இல்லை. சுவருக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பேரிங் தேய்ந்து, மூச்சு வாங்குவதுபோல விட்டு விட்டு முனகியது. அவள் பேசப்போகும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு அடியிலும் அந்த முனகல் கிடக்கும். என் பிள்ளை ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை நான்.

“வேணாம்மா. சுவத்துக்கு அங்கிட்டு மோட்டார் ஓடுது. பேரிங் போயிருச்சு” என்றேன்.

செம்மல் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். “ஆமாங்கய்யா. பக்கத்து ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர். எனக்கே இப்பத்தான் தெரியுது. நல்ல காதுங்க ஒங்களுக்கு.”

பிரகதீஸ்வரி எழுந்து வந்தாள். என் காதிலிருந்த மிஷினைக் கழற்றினாள். அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அதன் சுவிட்சைப் பார்த்தாள். ஒருநாளும் நான் அந்தச் சுவிட்சைப் போட்டதில்லை. பிறகு என் முதுகுப் பக்கம் போய் நின்று, உதட்டுக்குள்ளேயே கேட்டாள்.

“அப்பா, அன்னைக்குக் கிணத்துச் சத்தம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?”

நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸார்கூட, பெரியவருக்குக் காது கேட்காது என்று யாரோ சொன்னதும் என்னை விட்டுவிட்டார்கள்.

“கேட்டுச்சும்மா” என்றேன்.

“தம்பி, ரெக்கார்டு ஓடுதா?” என்றாள்.

“நிறுத்தலக்கா.”

“ஓடட்டும்.”

ஓடியது. சொன்னேன். ஆவணி மாதம், காலை பதினொரு மணி. கவியரசன் வீட்டார் பெண் பார்க்க வந்திருந்தார்கள். விடியற்காலையிலேயே அமிர்தவல்லி போன் செய்திருந்தாள். “அங்க இனிமே என்னால முடியாதுப்பா, வாரேன்” என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். அதற்கு முன் இரண்டு தடவை வந்தவளை நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் விட்டு வந்தேன். வாழாவெட்டியாக ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருந்தால் அடுத்தவளை யார் எடுப்பார்கள்? போனை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழிட்டேன்.

பிரகதீஸ்வரி பாடிக்கொண்டிருந்தாள். பாட்டின் நடுவில் கிணற்று ராட்டினம் ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். விழுந்தது மூட்டையா ஆளா என்பது மில்காரனுக்குச் சத்தத்திலேயே தெரியும். பாட்டு முடிந்ததும் கவியரசனின் தாய்மாமன், “இன்னொரு பாட்டு பாடச் சொல்லுங்க” என்றார். பாடச் சொன்னேன்.

அவர்கள் காப்பி குடித்து, தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் என் மனைவி கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்து, “ஒங்களுக்குக் கேக்கலையா?” என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கையைக் காதோரம் வைத்து, “என்ன?” என்றேன். அன்று கேட்காமல் போனதுதான்.

இரண்டு பெண்களில் ஒருத்தியையாவது கரை சேர்த்தேன். பிரகதீஸ்வரிக்கு நல்ல கணவர், இரண்டு குழந்தைகள். அவளிடம் அதைத்தான் சொன்னேன். அவள் கம்பளத்தில் உட்கார்ந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். கவியரசன் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பதிவை அவள் இன்னும் வெளியிடவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அமிர்தவல்லி பிடிவாதக்காரி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே கிணற்றுக்குப் போய்விட்டாள், பெரியவருக்குக் காது கேட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்கிறார்கள். அது தவறு. என் மகளை நான் அப்படி வளர்க்கவில்லை. அவள் முதலில் கொல்லைக் கதவுக்குத்தான் வந்தாள். வந்திருந்தவர்களுக்குத் தெரியாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, மூன்று தடவை மெதுவாகத் தட்டினாள்.