வாப்பாவுக்கு நான் படிக்காத செய்தி

எனக்கு நாலு பேர் முன்னால் சத்தமாகப் படிக்க வராது. வகுப்பில் எழுந்து நின்றால் முதல் சொல்லிலேயே திக்கி உட்கார்ந்துவிடுவேன். வாப்பாவுக்கு மட்டும் தடங்கல் இல்லாமல் படிப்பேன்.

செய்கு அலாவுதீன் மாமா, வாப்பாவின் அடக்கத்துக்கு வேண்டிய காகிதங்களுக்கெல்லாம் நீங்கள்தான் அலைந்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து வாப்பாவைப் பற்றி உம்மாவிடம் கேட்டீர்கள். "ரிபாய் ஏன் இப்படி ஒளிஞ்சு கெடந்தாரு? செக் திரும்புனதுக்கு இப்ப ஜெயில் கெடையாதே. சட்டம் மாறி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கோர்ட்டுல போயித் தவணை கேட்டிருக்கலாம். அவருக்கு யாருமே சொல்லலயா?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

துபாய் அல் கூஸில் வாப்பாவின் கடை எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கேம்பில் தங்கிக் கட்டட வேலை பார்க்கிற ஆட்களுக்கு சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட் விற்றார். சரக்குக் கொடுக்கிறவர்கள் தொகை எழுதாத செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷார்ஜாவிலும் துபாயிலும் கடை வைத்த யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. கொரோனா சமயத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி வாப்பாவுக்குப் பணம் தராமலே மூடிவிட்டது. சரக்குக்காரர் செக்கில் தொகையை எழுதி பேங்கில் போட்டார். அது திரும்பியது. போலீஸில் புகாரும் போனது.

அன்றிலிருந்து வாப்பா வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் கேமரா இருக்கிறது என்று குப்பை போடக்கூடப் போகமாட்டார். உம்மா ஒரு நர்சரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். ஃபீஸ் கட்டாததால் பள்ளிக்கூடம் என்னைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத விடவில்லை. எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. இதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் வாப்பாவை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் எழும்பும் முன்னே போய்விடுவார், தூங்கிய பிறகு வருவார். இப்போது பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். வெங்காயம் உரிப்போம். நான் கஞ்சி காய்ச்சினால், "ஊர்ல நோம்புக்கஞ்சி குடிக்கிற மாதிரியே இருக்கு புள்ள, உப்பு மட்டும் கடல்லேருந்து நேரா எடுத்துட்டே" என்பார். அவர் சொல்லி நான் அப்படிச் சிரித்ததை உம்மா பார்த்ததில்லை.

அவருக்கு இங்கிலீஷ் வராது. காலையில் போனை என் கையில் கொடுத்து, "சட்டம் ஏதாச்சும் மாறுதான்னு பாரு மவளே" என்பார். நான் தேடிப் படிப்பேன். அப்படித் தேடும்போதுதான் இங்கிலாந்தின் பழைய கடன் சட்டங்கள் கிடைத்தன. விக்டோரியா ராணி காலத்தில் கடனைத் திருப்பித் தராதவனைச் சிறையில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடனுக்காக யாரையும் பிடிக்கக்கூடாது. அதனால் வாரம் முழுக்க ஒளிந்திருந்தவர்கள் அன்று நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் உலாத்துவார்கள். வாப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "வெள்ளைக்காரன் கத சொல்லு" என்று தினமும் கேட்பார். நான் தொடர்கதை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். வியாபாரிகளை மட்டும் திவால் என்று அறிவித்துக் கடனிலிருந்து விடுவித்து மற்றவர்களை உள்ளே போட்டது, பிறகு எல்லோரையும் அப்படி விடுவித்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

2022 ஜனவரியில் ஒரு காலை, இங்கே சட்டம் மாறிய செய்தி போனில் வந்தது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் இனி அது குற்ற வழக்கு இல்லை. நான் இரண்டு முறை படித்தேன். கடினமான இங்கிலீஷ் ஒன்றும் இல்லை.

"என்ன போட்டிருக்கான்?" என்றார் வாப்பா.

"1869ல இங்கிலாந்துல கடனுக்கு ஜெயில்ல போடுறத நிறுத்திட்டாங்க வாப்பா" என்றேன்.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா. நூத்தம்பது வருசம் கழிச்சாச்சும் இங்கயும் வரும். வந்தா மொத வேல, ஒன்னய ஸ்கூல்ல சேக்குறதுதான்."

நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 1869ல் அது நடந்தது. பணம் இருந்தும் கட்டாதவர்களை அதற்குப் பிறகும் உள்ளே போட்டார்கள் என்றுகூட மறுநாள் சொன்னேன். வாப்பா முகம் வாடிவிட்டது. நான் எதையும் மறைக்கிற பிள்ளை இல்லை. வெளியே போனால் திரும்பவும் கடை, திரும்பவும் கடன், திரும்பவும் யாரோ நீட்டும் செக்கில் கையெழுத்து. வீட்டில் அவர் பத்திரமாக இருந்தார். நானும் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அது நிஜம். அவர் சாப்பிடும்போது கழுத்து எலும்பு தெரிவதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று உம்மா வேலைக்குப் போயிருந்தார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வாப்பா முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வியர்வையில் பனியன் நனைந்திருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போனா ஐடி கேப்பாங்களா?" என்றார்.

"கேப்பாங்க வாப்பா."

கேட்கத்தான் செய்வார்கள். அதிலும் பொய் இல்லை.

"அப்ப வேணாம். ஒங்க உம்மா வரட்டும். வெந்நி குடு, வெள்ளைக்காரன் கதைய விட்ட எடத்துலேருந்து சொல்லு."

என் கையில் போன் இருந்தது. ஆம்புலன்ஸ் நம்பர் எனக்குத் தெரியும். கூப்பிட்டால், ஆஸ்பத்திரியில் போலீஸ் யாரும் வந்து அவரைப் பிடிக்க மாட்டார்கள். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார். ரெண்டு வருசமா தெரியுமா என்று கேட்பார். அதை நினைத்துக்கொண்டே வெந்நீர் கொடுத்தேன். 1883ல் வந்த சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒருவன் திவாலாகிவிட்டால், அவன் ஏன் அப்படி ஆனான், யாரிடம் என்ன மறைத்தான் என்று விசாரிக்க ஒரு அரசாங்க அதிகாரியை வைத்தார்கள். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு "ம்" கொட்டினார். பிறகு கொட்டவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் எழுந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மாமா, நான்தான் காரணம். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். உம்மாவிடம் மட்டும் இப்போது வேண்டாம். அவர் தாங்கமாட்டார்.

நேற்று உம்மா என்னிடம், "வாப்பா கடன் என் தலயில வருமா புள்ள? வீட்டுக்குள்ள இருக்குற இந்த இத்தா நாலு மாசம் முடிஞ்சு வேலைக்குப் போனா என்னய பிடிப்பாங்களா? அலாவுதீன் காக்காட்ட கேக்கவா?" என்றார். இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு மேல் அவர் கடன் யாருக்கும் வராது. அதை நான் படித்திருக்கிறேன். எங்களிடம் சொத்து ஒன்றும் இல்லை.

"அவங்கள தொந்தரவு பண்ண வேணாம் உம்மா. நானே பாத்துச் சொல்றேன்" என்றேன். வெளியே போகப் பயந்து, நர்சரி வேலையை விட்டுவிடுவதாக இன்று காலை உம்மாவே சொல்லிவிட்டார். இனி பகலெல்லாம் என்னோடு வீட்டில்தான் இருப்பார். நீங்கள் கவலைப்பட வேண்டாம் மாமா. வாப்பாவைப் பார்த்துக்கொண்ட மாதிரியே உம்மாவையும் பார்த்துக்கொள்வேன்.